எஸ்யூவி ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் தகராறும் வாரண்டியும்: அடிக்கடி கேக்கற கேள்விகள்

என்கிட்ட இருக்கறது 7 சீட், ஆல் வீல் டிரைவ், டார்க் கன்வெர்டர் (எஞ்சின் பவர ஆயில் வழியா கியர்பாக்ஸுக்கு கடத்தற பாகம்) வெச்ச ஆட்டோமேட்டிக் எஸ்யூவி. வாங்கி ரெண்டாவது வருஷமே கியர்பாக்ஸ் நடுங்க ஆரம்பிச்சிடுச்சு. மூணு தடவை சர்வீஸ்ல விட்டேன், மூணு தடவையும் "ஓட்டிப் பாத்தோம், ஒண்ணும் இல்ல சார்"னு வண்டிய கழுவி மட்டும் குடுத்தாங்க. நாலாவது தடவை டெக்னீஷியன பக்கத்துல உக்கார வெச்சு நானே ஓட்டிக் காட்டினேன், அதுக்கப்புறம்தான் வாரண்டில டார்க் கன்வெர்டர மாத்தினாங்க. இந்த எட்டு மாச அலைச்சல்ல கத்துக்கிட்டதும், அதுக்கப்புறம் கூட்டாளிங்க மாறி மாறி போன் பண்ணி கேட்டதும் சேர்த்து இங்க எழுதி வெக்கறேன், இனிமே யாராவது கேட்டா இத அனுப்பிட்டு நான் தூங்கலாம்.

கியர்பாக்ஸ்லதான் பிரச்சனையா, இல்ல நான்தான் ஓவரா யோசிக்கறேனா?

முதல்ல உங்க வண்டில இருக்கறது எந்த வகை ஆட்டோமேட்டிக்னு பாருங்க, ஏன்னா ஒண்ணுக்கு நார்மல்னு சொல்றது இன்னொண்ணுக்கு கோளாறு. டார்க் கன்வெர்டர் வகைன்னா வெண்ணெய் மாதிரி கியர் மாறணும், அதுல உதறினா சந்தேகப்படலாம். டூயல் கிளட்ச் வகை, அதாவது ரெண்டு கிளட்ச் மாறி மாறி வேலை செய்யறது, ஊர்ந்து போற டிராஃபிக்ல லேசா தயங்கும், தட்டும், அது கொஞ்சம் அதோட குணமே. சிவிடில கியரே கிடையாது, பெல்ட்டோ செயினோ ரெண்டு புல்லிக்கு நடுவுல ஓடுது, அதனால ஆக்சிலேட்டர அழுத்தினா எஞ்சின் மட்டும் கத்தி வண்டி மெதுவா பிடிக்கற மாதிரி தோணும், அது ஸ்லிப் (வழுக்கல்) இல்ல. ஆனா ஒரே வேகத்துல போயிட்டு இருக்கும்போது ஆர்பிஎம் முள்ளு தானா ஏறி இறங்கினா, இல்ல ஊங்கற சத்தம் வேகத்தோட சேர்ந்து கூடினா, அது நீங்க ஓவரா யோசிக்கறது இல்ல. ஏஎம்டி, அதாவது சாதா மேனுவல் கியர்பாக்ஸையே கம்ப்யூட்டர் மாத்தற வகை, கியர் மாறும்போது தலை முன்னாடி ஆடும், அதுக்கு யாரும் வாரண்டி குடுக்க மாட்டாங்க.

60, 70 வேகத்துல போகும்போது ரோட்டுல கோடு கோடா இருக்கற இடத்துல ஏறின மாதிரி ஒரு நடுக்கம், ரெண்டு செகண்ட்ல போயிடுது, என்னது அது?

இதுதான் எனக்கும் வந்தது, அதனால கொஞ்சம் நீட்டி சொல்றேன்.

டார்க் கன்வெர்டருக்குள்ள லாக்-அப் கிளட்ச்னு ஒண்ணு இருக்கு. வண்டி ஒரு வேகத்துக்கு வந்ததும் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் நேரா இணைக்கறது அதுதான், இல்லன்னா ஆயில் வழியா மட்டும் பவர் போயி டீசலோ பெட்ரோலோ வீணாகும். இப்போ வர்ற வண்டிகள்ல இந்த கிளட்ச் முழுசா பூட்டிக்கறதுக்கு முன்னாடியே, குறைஞ்ச வேகத்துலயே, லேசா வழுக்கிக்கிட்டே பிடிச்சிருக்கும், எஞ்சினோட அதிர்வு உள்ள வராம இருக்கறதுக்காக வேணும்னே அப்படி செட் பண்ணி இருக்காங்க. ஆயில் கெட்டுப் போனாலோ, கிளட்ச் மேல இருக்கற லைனிங் பாலிஷ் ஆயிட்டாலோ, அந்த வழுக்கல் சீரா இல்லாம பிடிச்சு விட்டு பிடிச்சு விட்டு வரும். அந்த நடுக்கத்துக்கு ஷடர்னு பேரு.

வீட்டுலயே செக் பண்ற வழி இருக்கு. காலியான நேர் ரோட்டுல, நடுக்கம் வர்ற வேகத்துல, ஆக்சிலேட்டர அப்படியே லேசா அழுத்தி வெச்சுக்கிட்டு, நடுக்கம் ஆரம்பிச்சதும் இடது காலால பிரேக் பெடல தொட்டும் தொடாமலும் தொடுங்க, பிரேக் பிடிக்கவே கூடாது, பிரேக் லைட் எரியற அளவுக்கு மட்டும். பெரும்பாலான வண்டிகள்ல பிரேக் சிக்னல் வந்த உடனே லாக்-அப் விட்டுடும். அந்த செகண்ட்லயே நடுக்கம் நின்னு, ஆர்பிஎம் ஒரு 200 போல ஏறினா, உங்க ஆளு லாக்-அப் கிளட்ச். நடுக்கம் நிக்காம தொடர்ந்தா எஞ்சின் மிஸ்ஃபயரா இருக்கலாம், ஸ்பார்க் பிளக், காயில் பக்கம் போங்க, வீலு, டிரைவ் ஷாஃப்டும் பாக்கச் சொல்லுங்க. இடது கால் பழக்கம் இல்லாதவங்க இத டிராஃபிக்ல பண்ணாதீங்க, நான் முதல் தடவை பண்ணப்போ காபி கப்பு டேஷ்போர்டுக்கு போயிடுச்சு.

இது உங்க ஒருத்தர் வண்டில மட்டும் வர்றது இல்ல. ஜெனரல் மோட்டார்ஸோட 8 ஸ்பீட் கியர்பாக்ஸ்ல, எஸ்கலேட் மாதிரி பெரிய எஸ்யூவிலயும் போட்டது, இதே ஷடர் புகார் குவிஞ்சு, கடைசில கம்பெனியே வேற ஆயில் ஊத்தச் சொல்லி டீலருங்களுக்கு புல்லட்டின் (ரிப்பேர் குறிப்பு) அனுப்பினாங்க, பழைய ஆயில் காத்துல இருக்கற ஈரத்த இழுக்குதுன்னு பேச்சு. அதாவது ஒரு கியர்பாக்ஸே போச்சுன்னு ஜனங்க பயந்த விஷயம், நிறைய வண்டில ஆயில் மாத்தி ஃப்ளஷ் பண்ணதுல சரியாச்சு. அதனால ஷடர்னு தெரிஞ்சதும் கியர்பாக்ஸ மாத்து மாத்துனு குதிக்காம, ஆயில் எப்படி இருக்குன்னு முதல்ல கேளுங்க.

காலைல வண்டிய எடுத்து ரிவர்ஸ் போட்டா ரெண்டு மூணு செகண்ட் கழிச்சு டங்குனு ஏறுது.

ராத்திரி பூரா நிக்கும்போது டார்க் கன்வெர்டர்ல இருக்கற ஆயில் கீழ இறங்கிடலாம், இல்ல ஆயில் லெவலே கம்மியா இருக்கலாம், இல்ல வால்வ் பாடில, அதாவது ஆயில எந்த கிளட்ச்சுக்கு அனுப்பணும்னு பிரிச்சு விடற பாகத்துல, பிரஷர் லீக். வண்டி நின்ன இடத்துல கீழ ஒரு அட்டைய போட்டு வெச்சு காலைல பாருங்க, சொட்டு இருந்தா விடை கிடைச்சுடுச்சு. முதல் தடவை ஆர் போட்டதுல இருந்து வண்டி அசையற வரைக்கும் போன்ல வீடியோ எடுத்து வெச்சுக்கங்க, தேதியோட, கியர் லீவரும் மீட்டரும் ஃபிரேம்ல தெரியற மாதிரி. இந்த கோளாறு சர்வீஸ் சென்டருக்கு ஓட்டிட்டு போற அரைமணி நேரத்துல சூடாகி மறைஞ்சுடும், அதனால முந்தின நாள் சாயங்காலமே வண்டிய அங்க விட்டுட்டு "காலைல முதல் ஸ்டார்ட்ட நீங்களே பாருங்க"ன்னு சொல்லிட்டு வாங்க.

ஆயில் "லைஃப்டைம்", மாத்தவே வேணாம்னு புக்ல போட்டிருக்கே?

யாரோட லைஃப்டைம்ங்கறதுதான் கேள்வி. ஏகப்பட்ட பிராண்டுக்கு கியர்பாக்ஸ் செஞ்சு குடுக்கற ஜெர்மன் கம்பெனி ஜெட்எஃப், அவங்களே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டர், இல்ல 8 வருஷத்துக்குள்ள ஆயில் மாத்தச் சொல்றாங்க. அதே கியர்பாக்ஸ போட்டு வண்டி விக்கற கம்பெனிங்க சிலது புக்ல லைஃப்டைம்னு எழுதி வெக்குது. என் கருத்து, வாரண்டி காலம் தாண்டியும் வண்டிய வெச்சுக்கப் போறீங்கன்னா மாத்துங்க, அதுவும் அந்த கியர்பாக்ஸுக்குனு சொன்ன ஸ்பெக் ஆயில் மட்டும். சிவிடி ஆயிலும் டார்க் கன்வெர்டர் ஆயிலும் ஒண்ணு இல்ல, "எல்லாத்துக்கும் ஒத்துப் போகும்"னு சொல்ற டப்பாவ வாங்காதீங்க.

இன்னொண்ணு, இப்போ நிறைய வண்டில டிப்ஸ்டிக்கே கிடையாது. ஆயில் குறிப்பிட்ட சூட்டுல இருக்கும்போது, எஞ்சின் ஓடிட்டு இருக்கும்போது, வண்டி லெவலா நிக்கும்போதுதான் பக்கத்து பிளக்க கழட்டி லெவல் பாக்கணும். சூடு பாக்காம ஊத்தற மெக்கானிக்குகிட்ட விட்டா அரை லிட்டர் கூடவோ கொறவோ வரும், அதுவே புது கோளாற கொண்டு வரும்.

செக் எஞ்சின் லைட் எரியல, அப்போ வாரண்டில பாக்க மாட்டாங்களா?

லைட் எரியறது வாரண்டிக்கு கண்டிஷன் இல்ல, ஆனா லைட் இல்லன்னா அவங்களுக்கு "இல்ல"ன்னு சொல்றது சுலபம். லைட் எரியாமலே மெமரில பெண்டிங் கோடு (வண்டி பதிவு பண்ணி வெக்கற கோளாறு நம்பர்) உக்காந்திருக்கலாம், அதனால கியர்பாக்ஸ் மாட்யூல, அதாவது அதோட கம்ப்யூட்டர, தனியா ஸ்கேன் பண்ணச் சொல்லுங்க. பி0700 வந்தா அது வெறும் தபால்காரன், கியர்பாக்ஸ் மாட்யூல்ல வேற கோடு இருக்குன்னு மட்டும்தான் சொல்லுது. பி0741 லாக்-அப் கிளட்ச் பக்கம், பி0730 கியர் ரேஷியோ ஒத்து வரல, பி0218 ஆயில் ஓவர் சூடு.

தயவு செஞ்சு சர்வீசுக்கு போற முன்னாடி பேட்டரி வயர கழட்டி மாட்றது, சின்ன ஸ்கேனர் வாங்கி கோட அழிக்கறது இதெல்லாம் பண்ணாதீங்க. கோடு விழுந்த நேரத்துல என்ன வேகம், என்ன சூடுனு கூடவே பதிவாகி இருக்கும், உங்க சாட்சிய நீங்களே அழிச்சா எப்படி. போட்டோ எடுத்துட்டு அப்படியே கொண்டு போங்க.

"இது இந்த மாடலோட கேரக்டர் சார்"னு சொல்லி அனுப்பிடறாங்களே?

மூணு தடவை கேட்டு என் காது தேய்ஞ்சு போச்சு. தப்பு பாதி என் மேல. முதல் ஜாப் கார்டுல அட்வைசர் என்ன எழுதினாருன்னு அப்புறமா பாத்தா "ஜெனரல் செக்கப், வாட்டர் வாஷ்". நான் வாய்ல அஞ்சு நிமிஷம் சொன்ன கதை பேப்பர்ல ஒரு வார்த்தை கூட இல்ல. ரெண்டாவதுல "வைப்ரேஷன்"னு ஒத்த வார்த்தை, அதுக்கு வீல் பேலன்சிங் பண்ணிட்டு முடிச்சுட்டாங்க.

நாலாவது தடவை நானே எழுதிக் குடுத்தது இது: "எஞ்சின் முழு சூட்டுல, 20 நிமிஷம் ஓட்டின பிறகு, 6வது கியர், 65 முதல் 75 வேகம், லேசான ஏத்தம், ஆக்சிலேட்டர் லேசா, 2 செகண்ட் நடுக்கம், பிரேக் பெடல தொட்டா நிக்குது." இத அப்படியே டைப் பண்ணி ஜாப் கார்டுல ஏத்தற வரைக்கும் கவுண்டர விட்டு நகரல. டெக்னீஷியன் கூட வந்தாரு, லேப்டாப்ப மடில வெச்சுக்கிட்டு, நடுக்கம் வந்ததும் ஸ்கிரீன்ல ஸ்லிப் ஆர்பிஎம் கோடு ரம்பப் பல்லு மாதிரி மேலயும் கீழயும் குதிச்சுது. அவரு என்ன பாத்து ஒண்ணும் சொல்லல, "இன்னொரு தடவை பண்ணுங்க"ன்னாரு, அவ்வளவுதான். திரும்பி வந்து அவரு சேவ் பண்ணின அந்த கிராஃப்தான் கிளெய்ம பாஸ் பண்ண வெச்சுது.

ஏன் பேப்பர் பேப்பர்னு அடிச்சுக்கறேன்னா, வாரண்டில இருக்கும்போது புகார் பதிவாகி, சரியாகாம, வாரண்டி முடிஞ்ச பிறகு அதே கோளாறு பெருசா வெடிச்சா, "இது அப்பவே சொன்னது"ன்னு காட்ட உங்ககிட்ட இருக்கறது அந்த ஜாப் கார்டு மட்டும்தான். தேதி, கிலோமீட்டர், உங்க புகார், அவங்க பண்ணின வேலை, நாலும் இருக்கற காப்பி வாங்காம சாவிய வாங்காதீங்க. "பிராப்ளம் தெரியல"ன்னு எழுதினாலும் வாங்கி வெச்சுக்கங்க, அதுவும் ஒரு பதிவுதான்.

சாஃப்ட்வேர் அப்டேட் போட்டா சரியாயிடும்ங்கறாங்க, ஏமாத்தறாங்களா?

எல்லா நேரமும் ஏமாத்தறதுன்னு இல்ல. எந்த கிளட்ச்ச எவ்வளவு பிரஷர்ல எப்போ பிடிக்கணும்னு முடிவு பண்றதே கம்ப்யூட்டர்தான், அதனால மோசமான கியர் மாத்தத்த சாஃப்ட்வேர் நிஜமாவே சரி பண்ணும். 2014 ஜீப் செரோக்கி 9 ஸ்பீட் கியர்பாக்ஸோட வந்தப்போ, கியர்பாக்ஸ் சாஃப்ட்வேர சரி பண்றதுக்காகவே செஞ்ச வண்டிகள டீலருக்கு அனுப்பாம நிறுத்தி வெச்சாங்க. ஆனா தேய்ஞ்ச லைனிங்க சாஃப்ட்வேர் வளர வெக்காது. அப்டேட் போட்ட பிறகு கியர்பாக்ஸ் புதுசா பழகறதுக்கு சில நூறு கிலோமீட்டர் எடுக்கும், அது வரைக்கும் பொறுங்க, அதுக்கப்புறமும் வந்தா ரெண்டு வாரத்துக்குள்ள திரும்பப் போங்க. சில நேரம் அப்டேட் நடுக்கத்த மறைக்க லாக்-அப்ப லேட்டா பிடிக்க வெச்சுடும், அதனால மைலேஜ் முன்ன பின்ன எவ்வளவுன்னு குறிச்சு வெச்சுக்கங்க.

வாரண்டில எது வரும், எது வராது?

பொதுவா ரெண்டு இருக்கும். வண்டி முழுசுக்கும் ஒண்ணு, எஞ்சின் கியர்பாக்ஸ் பக்கம் மட்டும் பவர்டிரெயின் வாரண்டி இன்னொண்ணு, நிறைய கம்பெனில இந்த ரெண்டாவது கொஞ்சம் நீளமா இருக்கும். வருஷமோ கிலோமீட்டரோ எது முதல்ல வருதோ அதோட முடிஞ்சுது. வருஷக் கணக்கு வண்டி செஞ்ச தேதில இருந்து இல்ல, முதல் ஓனருக்கு டெலிவரி ஆன, இல்ல டெமோவா ஓட ஆரம்பிச்ச தேதில இருந்து, இதுல டெமோ வண்டி வாங்கினவங்க ஏமாறுவாங்க, பாத்துக்கங்க.

பவர்டிரெயின்ல கியர்பாக்ஸ் கேஸ், உள்ள இருக்கற பாகம், டார்க் கன்வெர்டர், டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் பவர பிரிக்கற பெட்டி) எல்லாம் வரும். கம்ப்யூட்டர், சென்சார், வயரிங் வருமாங்கறது கம்பெனிக்கு கம்பெனி மாறும், கியர்பாக்ஸ் கோளாறு இதுங்களாலயும் வரும், அதனால புக்ல அந்த பக்கத்த மட்டுமாவது படிங்க. டூயல் கிளட்ச், ஏஎம்டில கிளட்ச் தட்டு தேய்மானம்னு கழட்டி விட்டுடுவாங்க சில பேரு. தேய்மானத்துக்கும் தயாரிப்பு கோளாறுக்கும் வித்தியாசம் இருக்கு, 20,000 கிலோமீட்டர்ல தீயற கிளட்ச்ச தேய்மானம்னு சொன்னா எழுத்துல காரணம் கேளுங்க.

வெளில ஆயில் மாத்தினா வாரண்டி போயிடுமா?

ஊருக்கு ஊரு சட்டம் வேற. அமெரிக்கால 1975ல வந்த மேக்னசன்-மாஸ் வாரண்டி சட்டப்படி, எங்ககிட்டதான் சர்வீஸ் பண்ணணும், எங்க பிராண்டு பாகம்தான் போடணும்னு பொதுவா கண்டிஷன் போட முடியாது, வெளி வேலையாலதான் கெட்டுச்சுன்னு கம்பெனிதான் காட்டணும். உங்க நாட்டு ரூல் எப்படின்னு பாத்துக்கங்க. எங்க பண்ணாலும் ஆயில் ஸ்பெக், லிட்டர், கிலோமீட்டர் போட்ட பில் வேணும். ஆனா என்ன கேட்டா, கியர்பாக்ஸுல ஏற்கனவே புகார் ஓடிட்டு இருக்கும்போது வெளி ஆளு கைய வெக்க விடாதீங்க, அவங்க கைல நீங்களே சாக்கு எடுத்துக் குடுத்த மாதிரி ஆயிடும்.

டிரெய்லர் இழுத்தேன், தண்ணில இறக்கினேன், சொல்லணுமா?

கேட்டா பொய் சொல்லாதீங்க, கழட்டினா தெரிஞ்சுடும். புக்ல சொன்ன இழுக்கற எடைக்கு மேல போயிருந்தா ஆயில் கருகி கிளட்ச் தூளு கியர்பாக்ஸுக்கு அடியில இருக்கற ஆயில் தொட்டில கிடக்கும். தண்ணி பிரீதர் (கியர்பாக்ஸ் காத்து வாங்கற குழாய்) வழியா உள்ள போயிருந்தா ஆயில் பால் கலந்த மாதிரி வெளுத்து இருக்கும். ஆனா ஆயில் வெளுத்தாலே உங்க தப்புன்னு அர்த்தம் இல்ல. ரேடியேட்டருக்குள்ளயே கியர்பாக்ஸ் ஆயில் கூலர் இருக்கற வண்டில அது உள்ளயே வெடிச்சு கூலண்ட் கியர்பாக்ஸுக்குள்ள வரும், 2005 முதல் 2010 வரைக்கும் வந்த நிசான் பாத்ஃபைண்டர்ல இந்த பிரச்சனை ரொம்ப பேசப்பட்டது. "தண்ணில விட்டிருக்கீங்க"ன்னு சொன்னா, ஆயில்ல இருக்கறது வெறும் தண்ணியா கூலண்டான்னு டெஸ்ட் பண்ணிச் சொல்லுங்கன்னு கேளுங்க.

ஆல் வீல் டிரைவ்ல இன்னொரு விஷயம், நாலு டயரும் ஒரே சைஸ், கிட்டத்தட்ட ஒரே தேய்மானத்துல இருக்கணும். ரெண்டு புதுசு ரெண்டு பழசு போட்டா டிரான்ஸ்ஃபர் கேஸ் ஓயாம இழுபறில ஓடும், திருப்பத்துல தட்டும், ஜனங்க அத கியர்பாக்ஸ்னு நெனச்சுப்பாங்க.

ரீகால், புல்லட்டின், வாரண்டி நீட்டிப்பு, எல்லாம் ஒண்ணா?

இல்லவே இல்ல. ரீகால்ங்கறது பெரும்பாலும் பாதுகாப்பு விஷயம், காசு வாங்காம பண்ணுவாங்க. 2013 நவம்பர்ல ஃபோக்ஸ்வாகன் அவங்களோட டூயல் கிளட்ச் கியர்பாக்ஸான 7 ஸ்பீட் டிஎஸ்ஜில சிந்தெடிக் ஆயில எடுத்துட்டு மினரல் ஆயில் ஊத்தறதுக்காக உலகம் பூரா 16 லட்சம் வண்டி போல கூப்பிட்டாங்க. புல்லட்டின்னா, இந்த புகார் வந்தா இப்படி ரிப்பேர் பண்ணுன்னு டீலருக்கு போற குறிப்பு, வாரண்டி இருந்தா இலவசம், இல்லன்னா உங்க காசு. ஆனா புல்லட்டின் இருக்குன்னு நீங்க நம்பரோட சொன்னா "கேரக்டர்" பேச்சு அங்கயே நின்னுடும்.

வாரண்டி நீட்டிப்பு கம்பெனியே தானா பண்றது. நிசான் 2003 முதல் 2010 மாடல் வரைக்கும் இருந்த சிவிடி வண்டிகளுக்கு அமெரிக்கால 60,000 மைல் வாரண்டிய 10 வருஷம், 1,20,000 மைல்னு நீட்டினாங்க, முரானோ, ரோக் எஸ்யூவி ரெண்டும் அதுல உண்டு. செகண்ட் ஹேண்ட்ல வாங்கினவங்களுக்கு இப்படி லெட்டர் வந்தாலும் பழைய அட்ரசுக்குத்தான் போகும். சேசிஸ் நம்பர குடுத்து வருஷத்துக்கு ஒரு தடவையாவது செக் பண்ணுங்க.

வாரண்டி முடிஞ்சு கொஞ்ச நாள்ல போச்சு, அவ்வளவுதானா?

குட்வில்னு ஒண்ணு இருக்கு. சர்வீஸ் எல்லாம் ஒழுங்கா பண்ணி, சின்ன வித்தியாசத்துல வாரண்டி முடிஞ்சிருந்தா கம்பெனி பாகத்துக்கு மட்டுமாவது பாதி, முழுசுனு ஏத்துக்கலாம். இது உரிமை இல்ல, அதனால டீலர்கிட்ட சத்தம் போட்டு பிரயோஜனம் இல்ல, கம்பெனியோட கஸ்டமர் கேருக்கு எழுதுங்க, பழைய ஜாப் கார்டு எல்லாத்தையும் சேர்த்து, ஒரு பக்கத்துல. வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி கேளுங்க, காசு கட்டிட்டு அப்புறம் கேட்டா கஷ்டம்.

எக்ஸ்டெண்டட் வாரண்டி வாங்கலாமா?

வண்டி கம்பெனியே குடுக்கறதுன்னா, அதுவும் கியர்பாக்ஸ் வகை கொஞ்சம் நொண்டி பேரு எடுத்ததுன்னா, வாங்குவேன். வெளிக் கம்பெனியோடதுன்னா, ஒரு கிளெய்முக்கு உச்சவரம்பு எவ்வளவு, கழட்டிப் பாக்கற கூலிய யாரு குடுக்கறது, கழட்டறதுக்கு முன்னாடி பெர்மிஷன் வாங்கணுமா, இந்த மூணையும் கேளுங்க. மூணாவதுல விழுந்தவங்க ஏராளம். மெக்கானிக் ஆர்வத்துல பிரிச்சுட்டாரு, கம்பெனி "எங்கள கேக்காம பிரிச்சீங்க"ன்னு கைய விரிச்சுடுச்சு.

மாத்தித் தந்த கியர்பாக்ஸ் புதுசு இல்லையாமே?

பெரும்பாலும் ரீமேனுஃபாக்சர் பண்ணினதுதான், வாரண்டி புக்லயே அதுக்கு இடம் விட்டிருப்பாங்க. பயப்பட வேணாம், கெட்ட பாகம் எல்லாம் மாத்தி டெஸ்ட் பண்ணி வர்றது. கேக்க வேண்டியது வேற: இந்த யூனிட்டுக்கு தனி வாரண்டி உண்டா, இல்ல பழைய வாரண்டில மிச்சம் இருக்கற நாள் மட்டும்தானா? அப்புறம் கூலர் லைன கழுவினாங்களா, கூலர மாத்தினாங்களா? பழைய கியர்பாக்ஸோட இரும்புத் தூளு கூலர்ல தங்கி இருந்தா புது யூனிட்டையும் தின்னுடும்.

லிம்ப் மோடுல போயிடுச்சு, வீடு வரைக்கும் ஓட்டிடலாமா?

லிம்ப் மோடுன்னா, கோளாறு தெரிஞ்சதும் வண்டி தன்ன காப்பாத்திக்க ஒரே கியர்ல மாட்டிக்கும், ஓரமா ஒதுக்கி பாதுகாப்பா நிறுத்தறதுக்குத்தான் அந்த ஏற்பாடு. ஆஃப் பண்ணி சில நிமிஷம் விட்டு ஸ்டார்ட் பண்ணா சரியாகலாம், ஆனா ஆயில் சூடு வார்னிங் இருந்தாலோ, அரைக்கற சத்தம் வந்தாலோ, வழுக்கினாலோ ஓட்டாதீங்க. வார்னிங் வந்தும் ஓட்டினதால கெட்டுச்சுன்னு கிளெய்ம தட்டிக் கழிக்க அது ஒண்ணு போதும், எத்தனை கிலோமீட்டர் அப்படி ஓடுச்சுன்னு மாட்யூல் சொல்லிடும். ஆல் வீல் டிரைவ்னா கயிறு கட்டி இழுக்கவும் கூடாது, முன் சக்கரத்த மட்டும் தூக்கவும் கூடாது, நாலு சக்கரமும் மேல ஏத்தற ஃபிளாட்பெட் வரச் சொல்லுங்க. கொக்கி மாட்றவரு "ஒண்ணும் ஆவாது சார்"னு சொல்லுவாரு. ஆவும்.